நீட்டி வீசுவதா, விரைந்து வீசுவதா? நீண்ட தூர நீச்சல்: கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நீச்சல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: கையை வேகமாகச் சுழற்றினால் வேகம் வருமா, நீட்டி நிதானமாக வீசினால் வருமா? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். எல்லாமே ஃப்ரீஸ்டைலுக்கானவை. குளம் என்று வரும் இடமெல்லாம் 25 மீட்டர் குளம்; அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு லெங்த். வலக்கை வீச்சு ஒன்று, இடக்கை வீச்சு ஒன்று என்று தனித்தனியாக எண்ணியிருக்கிறோம்.

கேள்வி: 1,500 மீட்டரை 34 நிமிடத்தில் நீந்திக்கொண்டிருந்தேன். ‘ஒரு லெங்த்துக்கான வீச்சைக் குறைத்தால் வேகம் கூடும்’ என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். முயன்று முயன்று 24 வீச்சை 19 ஆக்கிவிட்டேன். இப்போது 38 நிமிடம் ஆகிறது. எங்கே தவறு? – வாசகர், அரூர்

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 1,500 மீட்டர் என்பது 60 லெங்த். ஆகவே ஒரு லெங்த்துக்கு எத்தனை விநாடியோ, 1,500 மீட்டருக்கு அத்தனை நிமிடம். முன்பு உங்களுக்கு லெங்த்துக்கு 34 விநாடி, இப்போது 38.

சுவரை உதைத்து வரும் முதல் 5 மீட்டரையும், அதற்கு ஆகும் சுமார் 3 விநாடியையும் தள்ளிவிடுங்கள். அங்கே கைக்கு வேலை இல்லை. மீதமுள்ள 20 மீட்டரை முன்பு 31 விநாடியில், 24 வீச்சில் கடந்தீர்கள். அதாவது ஒரு வீச்சுக்கு 83 செ.மீ., நிமிடத்துக்கு 46 வீச்சு. இப்போது அதே 20 மீட்டருக்கு 35 விநாடி, 19 வீச்சு. ஒரு வீச்சுக்கு 105 செ.மீ., ஆனால் நிமிடத்துக்கு 33 வீச்சுகூட இல்லை. ஒரு வீச்சுக்கு எத்தனை செ.மீ. என்பது ஸ்ட்ரோக் லெங்த், நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்பது ஸ்ட்ரோக் ரேட். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வேகம். உங்களுக்கு நீளம் 26 சதவீதம் கூடியிருக்கிறது, ரேட் 30 சதவீதம் இறங்கியிருக்கிறது. நஷ்டம் அங்கேதான்.

அந்த 105 செ.மீ. எப்படி வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீரை நன்றாகப் பிடித்துத் தள்ளியதால் வந்த நீளம் என்றால் ரேட் இவ்வளவு விழாது. முன்னால் நீட்டிய கையை அப்படியே நிறுத்திவைத்து வழுக்கிக்கொண்டு போவதால் வந்த நீளம் இது. நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. தள்ளுவது நின்ற கணமே உடலின் வேகம் விழத் தொடங்கிவிடும். ஒகேனக்கல்லில் ஓட்டத்துக்கு எதிராகப் பரிசல் ஓட்டுபவர் துடுப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு இளைப்பாறுவதில்லை, நிறுத்தினால் பிடித்த இடம் போய்விடும். நீங்கள் ஒவ்வொரு வீச்சிலும் நிறுத்துகிறீர்கள், பிறகு விட்ட வேகத்தை மறுபடி கூட்டுகிறீர்கள். களைப்பும் அதனால்தான்.

இந்த நிறுத்தம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று அடையாளங்கள்: நீட்டிய கையின் உள்ளங்கை மேல்நோக்கிச் சாய்ந்து, முன்னால் இருப்பவரை ‘நில்’ என்று சொல்வதுபோல் நிற்கும். கால் உதைப்பும் அந்த நேரத்தில் நின்று, பிறகு கத்தரிக்கோல் மாதிரி அகலமாக ஒருமுறை விரியும். பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவில் உடல் விட்டு விட்டு நகர்வது தெரியும்.

திரும்பவும் 24-க்குப் போக வேண்டாம். லெங்த்துக்கு 21 வீச்சு, 31 விநாடி (சுவர் உதைப்பின் 3 போக 28) என்பதைக் குறிவையுங்கள். நிமிடத்துக்கு 45 வீச்சு, வீச்சுக்கு 95 செ.மீ. வரும். கை தோள் அகலத்தில் நுழைந்து, உடல் புரளும்போது முழுதாக நீளட்டும். நீண்டு முடிந்த உடனே விரல்நுனி கீழே சாய வேண்டும், முழங்கை மேலேயே இருக்க, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து பின்பக்கம் பார்க்க வேண்டும். நீருக்கு மேலே வரும் மறு கை தலையைத் தாண்டும் நேரத்தில், முன்னால் இருக்கும் கை இந்தப் பிடிப்பைத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு கை வந்து தொடும்வரை மறு கை காத்திருக்கும் ‘கேட்ச்-அப்’ பயிற்சியைச் செய்துகொண்டிருந்தால் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அவசரக் கைக்காரர்களுக்கு அது நல்ல மருந்து. உங்களுக்கு அது நோயைக் கூட்டும்.

கேள்வி: ஸ்ட்ரோக் ரேட்டைக் கருவி இல்லாமல் அளப்பது எப்படி? ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை நம்பலாமா? – வாசகி, கிருஷ்ணகிரி

கரையில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நின்றால் போதும். நீங்கள் குளத்தின் நடுப்பகுதியில், சீரான வேகத்தில் இருக்கும்போது வலக்கை நீரில் நுழையும் நொடியில் ‘பூஜ்யம்’ என்று எண்ணி அழுத்த வேண்டும். வலக்கை மீண்டும் நுழையும்போது 1, அடுத்து 2, இப்படி 5 வந்ததும் நிறுத்த வேண்டும். இது 10 வீச்சு. 600-ஐ அந்த விநாடியால் வகுங்கள். 12 விநாடி என்றால் 50. 11 விநாடி என்றால் 54 அல்லது 55. பலர் முதல் நுழைவையே ‘1’ என்று எண்ணிவிடுகிறார்கள். அப்போது 8 வீச்சை 10 என்று கணக்குப் போட்டு ரேட் கால் பங்கு கூடுதலாக வரும். ஸ்டாப்வாட்சை விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அரை விநாடிகூடப் பெரிய வித்தியாசம்.

அளவை முதல் லெங்த்தில் எடுக்க வேண்டாம். புத்துணர்ச்சியில் எல்லோருக்கும் நன்றாகவே வரும். 400 மீட்டரில் 3-வது, 9-வது, 15-வது லெங்த் என்று மூன்று இடத்தில் எடுங்கள்.

வாட்சில் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டியிருக்கும் கையின் சுற்றை மட்டும் எண்ணும் வாட்சுகள் பல உண்டு. அதில் 11 என்று வந்தால் உண்மையில் 22 வீச்சு. விநாடியையும் வீச்சையும் கூட்டிக் காட்டும் ஸ்வால்ஃப் எண்ணை உங்கள் சென்ற மாத எண்ணோடு ஒப்பிடலாம். பக்கத்து லேனில் நீந்துபவரோடு ஒப்பிட வேண்டாம், உயரமும் கை நீளமும் அதைப் புரட்டிப்போடும். அரூர் வாசகரின் கதையைப் பாருங்கள்: 24 வீச்சு, 34 விநாடி, கூட்டினால் 58. 19 வீச்சு, 38 விநாடி, கூட்டினால் 57. எண் முன்னேற்றம் என்கிறது, கடிகாரம் 4 நிமிட நஷ்டம் என்கிறது. கடிகாரத்தை நம்புங்கள்.

கேள்வி: சிறுவயதில் கிணற்றில் நீச்சல் பழகியவன். நிமிடத்துக்கு 70 வீச்சு போடுகிறேன், லெங்த்துக்கு 30-க்கு மேல் ஆகிறது. 100 மீட்டரில் மூச்சு வாங்குகிறது. கையைக் குறைத்தால் கால் மூழ்குகிறது. – வாசகர், பாலக்கோடு

இந்தப் பகுதியில் நீந்தத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் சுரைக்குடுவையோ, ட்யூபோ கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவர்கள்தான். அந்தப் பழக்கம் தந்த துணிச்சல் பெரிய சொத்து. ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் நீருக்கு மேலே இருக்கும். தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கும். தலையைத் தூக்கிப் பிடிக்கக் கை நீரைக் கீழ்நோக்கி அழுத்தும். முழங்கை தாழ்ந்து, கை நீரைப் பிடிக்காமல் வழுக்கிப் பின்னால் போகும். ஆகவே உங்கள் 70 வீச்சில் பாதி உங்களை மிதக்கவைக்கச் செலவாகிறது. கையை மெதுவாக்கினால் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. கால் மூழ்கத்தான் செய்யும். ஆகவே கையைக் குறைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். தலையிலிருந்து தொடங்குங்கள்.

பார்வை குளத்தின் தரையில், உங்களுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கட்டும். நீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூச்சைக் குமிழியாக விட்டுக்கொண்டே இருங்கள். அடக்கி வைத்து, தலை வெளியே வந்த பிறகு விட்டு இழுப்பதுதான் 100 மீட்டரில் மூச்சு வாங்குவதற்கு முக்கியக் காரணம். மூச்சு எடுக்கும்போது ஒரு பக்கக் கண்ணாடி நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். வலப்பக்கம் மூச்சு எடுத்தால் அந்த நேரத்தில் இடக்கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அது நீண்டு நிற்கட்டும், தலை திரும்பி வரும்போது பிடிப்பைத் தொடங்கட்டும்.

தலை சரியானதும் பிடிப்பு. முதலில் ஸ்கல்லிங்: முகம் கீழே, கைகள் முன்னால் தோள் அகலத்தில், முழங்கை உயரத்தில், விரல்நுனி கீழே சாய்ந்திருக்க, முன்கையால் உள்ளும் வெளியுமாக நீரை வருட வேண்டும். உள்ளங்கையில் அழுத்தம் விடாமல் தெரிய வேண்டும். 25 மீட்டர் முழுக்க வேண்டாம், 10 மீட்டர் ஸ்கல், மீதி சாதாரண நீச்சல். இப்படி 6 முறை. அடுத்து முஷ்டி நீச்சல்: கையை மூடிக்கொண்டு ஒரு லெங்த், விரித்து ஒரு லெங்த், 8 முறை. உள்ளங்கை இல்லாதபோதுதான் முன்கையால் நீரைத் தள்ளத் தெரியும். கை எந்த நேரத்திலும் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகக் கூடாது; குளத்தின் தரையில் இருக்கும் கறுப்புக் கோடு இதைப் பார்க்க உதவும்.

தள்ளல் இடுப்பைத் தாண்டி முடியட்டும், கட்டைவிரல் தொடையை உரசினால் சரி. ஆனால் கடைசியில் நீரை மேல்நோக்கி விசிறி எறியாதீர்கள், இடுப்பு உடனே அமுங்கும். முழங்கை சற்று மடங்கியபடியே கை வெளியே வர வேண்டும்.

ஒவ்வொரு நாளும் முதல் 300 மீட்டர் இதற்கே. சில வாரங்களில் ரேட் 70-லிருந்து 55 பக்கம் தானாக இறங்கும், வீச்சு 24, 25 ஆகும். அப்போது கால் மூழ்கவில்லை என்றால் சரியான வழியில் இருக்கிறீர்கள். ரேட்டை மறுபடி கூட்டுவது அதற்குப் பிறகு.

கேள்வி: எனக்கு ஏற்ற ஸ்ட்ரோக் ரேட் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், பர்கூர்

படிப்படியாக ஏற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி. நீச்சல் தொப்பிக்குள் வைக்கும் டெம்போ டிரெய்னர் என்ற சிறு பீப் கருவி இதற்கு மிகவும் உதவும். 400 மீட்டர் உடலைச் சூடாக்கிய பிறகு 50 மீட்டர் வீதம் ஆறு முறை நீந்துங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 40 விநாடி ஓய்வு. ரேட் 44-ல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 4 ஏற்றுங்கள். ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு கை நுழைய வேண்டும். நேரம், வீச்சு எண்ணிக்கை, எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 10-க்கு ஒரு மதிப்பெண், மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 44-ல் 68 விநாடி, 46 வீச்சு. 48-ல் 66 விநாடி, 48 வீச்சு. 52-ல் 63 விநாடி, 49 வீச்சு. 56-ல் 62 விநாடி, 52 வீச்சு. 60-லும் அதே 62 விநாடி, ஆனால் 56 வீச்சு. 64-ல் 63 விநாடி, 61 வீச்சு.

48-லிருந்து 52-க்குப் போனபோது ஒரே ஒரு வீச்சு கூடி 3 விநாடி மிச்சமாகியிருக்கிறது. வீச்சுகளுக்கு நடுவே இருந்த நிறுத்தம் அங்கே அடைபட்டது, அதனால் நீளம் கெடவில்லை. 56-லிருந்து 60-க்கு 4 வீச்சு கூடுதல், நேரம் ஒன்றும் குறையவில்லை. 64-ல் கை வெறுமனே சுழல்கிறது. ஆக இந்த நபருக்கு நல்ல இடம் 52 முதல் 56 வரை. 50 மீட்டரில் தாங்குவதை 1,500-ல் தாங்க முடியாது என்பதால் 52, 53-ல் தொடங்கலாம். கருவியில் விநாடியாக வைப்பதென்றால் 60-ஐ ரேட்டால் வகுக்க வேண்டும்: 52-க்கு 1.15, 54-க்கு 1.11.

அந்த ரேட்டில் 100 மீட்டர் வீதம் 10 முறை, 20 விநாடி ஓய்வோடு. லெங்த்துக்கு உங்கள் வழக்கமான வீச்சைவிட 2 கூடிவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கெட்ட வீச்சில் தூரம் சேர்ப்பதில் பயனில்லை. 10 முறையும் வீச்சு மாறாமல் வந்த பிறகே ரேட்டை ஒன்றோ இரண்டோ ஏற்றலாம். ரேட்டை ஏற்றும்போது முன்னால் நீட்டுவதைச் சுருக்கி ஏற்றாதீர்கள். பின்பக்கத் தள்ளலை விரைவாக்கி, கை நீண்ட பிறகு நிற்பதை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். கருவி இல்லாதவர்கள், லெங்த்துக்கு 22 வீச்சு என்று நிலையாக வைத்துக்கொண்டு 50 மீட்டர் நேரத்தை ஒவ்வொரு விநாடியாகக் குறைக்கப் பார்க்கலாம். விளைவு அதேதான்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. உயரமான பிள்ளைகள் குறைந்த வீச்சில் குளத்தைக் கடக்கிறார்கள். இவளுக்கு 26 ஆகிறது. உயரம் இல்லாவிட்டால் நீண்ட தூரத்தில் சாதிக்க முடியாதா? – வாசகி, ஓசூர்

முடியும். அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ் உயரமானவர் அல்ல. காற்றாலைபோல் கையைச் சுழற்றுபவர் என்று பெயர் பெற்றவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். 1989-ல் 800 மீட்டரில் அவர் நீந்திய 8 நிமிடம் 16.22 விநாடி, 2008 வரை உலக சாதனையாக நின்றது. இன்னொரு பக்கம் சீனாவின் சுன் யாங், ஆறரை அடி உயரம், நீளமான நிதான வீச்சு. 2012 லண்டனில் 1,500 மீட்டரை 14 நிமிடம் 31.02 விநாடியில் முடித்தார். அந்தச் சாதனை 2024-ல் பாரிஸில்தான் முறிந்தது. இரண்டு பேரிடமும் பொதுவாக இருந்தது நீரைப் பிடிக்கும் முழங்கையின் உயரம்.

வளரும் பிள்ளையின் வீச்சை மற்றவர்களோடு ஒப்பிட்டுக் குறைக்கச் சொல்லாதீர்கள், அவள் நிறுத்தி வழுக்கத்தான் பழகுவாள். ஓசூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் திறந்தவெளிக் குளத்து நீர் நன்றாகவே குளிரும். குளிரில் தசை இறுகி வீச்சு சுருங்கும். அந்த மாத எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டு) போட்டால் ஸ்ட்ரோக் லெங்த் கூடுமா? – வாசகர், காரிமங்கலம்

போட்டிருக்கும்வரை கூடும். கழற்றிய பிறகும் நிலைக்க வேண்டும் என்றால் பிடிப்பு சரியாக இருக்க வேண்டும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பேடில் போதும். பெரிய பேடில் போட்டுக்கொண்டு முழங்கை தாழ இழுத்தால் சுமை முழுவதும் தோளின் முன்பக்கத்தில் விழும். மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பேடிலோடு நீந்த வேண்டாம். தோளில் குத்தினால் அன்றே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் குளம் இல்லை, பெரிய பாசனக் கிணறு உண்டு. அதில் இந்தப் பயிற்சிகளைச் செய்ய முடியுமா? – வாசகர், பென்னாகரம்

ஸ்ட்ரோக் லெங்த்தை அங்கே அளக்க முடியாது. 12 மீட்டர் அகலக் கிணற்றில் சுவரை உதைத்ததிலேயே 4, 5 மீட்டர் போய்விடும், மிச்சத்தில் ஆறேழு வீச்சுதான். சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றினால் ஒரு தோள் மட்டும் அதிகம் உழைக்கும். ஆனால் பிடிப்பைப் பழகலாம். இடுப்பில் அகலமான பெல்ட், அதிலிருந்து 4 மீட்டர் நீளத்துக்கு இழுபடும் ரப்பர் குழாய் அல்லது கயிறு, மறுமுனை படிக்கட்டின் உறுதியான கல்லில். இருந்த இடத்திலேயே 40 விநாடி நீந்தி 20 விநாடி ஓய்வு, 10 முறை. கட்டி நீந்தும்போது உடல் நகராததால் கையில் நீர் கனமாகத் தெரியும், ரேட் இறங்கும். அந்த எண்ணைக் குளத்து எண்ணோடு சேர்க்காதீர்கள். மாதம் ஒருமுறை குளத்துக்குப் போய் நேரத்தையும் வீச்சையும் அளந்து வந்தால் போதும்.

மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு இறங்குங்கள். நீருக்குள் தொங்கும் வயர், உறிஞ்சு குழாய் பக்கம் போகாதீர்கள். மேலே கயிறும் காற்றடைத்த ட்யூபும் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்காமல் இறங்கவே கூடாது. பக்கத்தில்தானே காவிரி என்று ஒகேனக்கல்லில் பயிற்சிக்கு இறங்க வேண்டாம். பாறை இடுக்குச் சுழலும், கர்நாடகத்தில் நீர் திறந்தால் உயரும் வரத்தும் எந்த நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும்.

கேள்வி: 1,500 மீட்டரில் முதல் 500-ஐ லெங்த்துக்கு 21 வீச்சு, 32 விநாடி என்று நீந்துகிறேன். கடைசி 500-ல் 24 வீச்சு, 35 விநாடி ஆகிறது. கையை வேகமாகத்தான் போடுகிறேன். தனியாக நீந்தினால் 200 மீட்டர் 4 நிமிடம், 400 மீட்டர் 8 நிமிடம் 30 விநாடி. – வாசகர், ஊத்தங்கரை

நீங்கள் சொல்வது உண்மைதான்: ரேட் 43-லிருந்து 45-க்கு ஏறியிருக்கிறது. விழுந்தது நீளம், 95 செ.மீ. 83 ஆகிவிட்டது. களைத்த முதுகுத் தசை முழங்கையைத் தாங்க முடியாமல் விடுகிறது, கை வழுக்குகிறது, அதை ஈடுகட்ட நீங்கள் விரைவாகச் சுழற்றுகிறீர்கள்.

காரணம் முதல் 500-ல் இருக்கிறது. 400 மீட்டர் நேரத்திலிருந்து 200 மீட்டர் நேரத்தைக் கழியுங்கள்: 510-ல் 240 போக 270 விநாடி. அது 200 மீட்டருக்கு. பாதியாக்கினால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 15 விநாடி. நீண்ட நேரம் தாங்கக்கூடிய உங்கள் வேகத்தின் எல்லை ஏறக்குறைய இதுதான். நீங்களோ 2 நிமிடம் 8 விநாடியில் புறப்படுகிறீர்கள்.

முதல் 500-ஐ 100-க்கு 2 நிமிடம் 17 விநாடியில், அதாவது லெங்த்துக்கு 34 விநாடிக்குக் கொஞ்சம் மேலே போங்கள். வேகத்தைக் குறைப்பது ரேட்டைக் குறைத்தே இருக்கட்டும், வீச்சு 21-லேயே நிற்கட்டும். 1,000 மீட்டருக்குப் பிறகு ரேட்டை 2 ஏற்றுங்கள். வாரத்தில் ஒருநாள் 500 மீட்டர் வீதம் மூன்று, ஒரு நிமிட ஓய்வோடு, மூன்றாவதிலும் 21 அல்லது 22 வீச்சில் முடிக்கும் அளவுக்கு. குளத்துக்குப் போகாத நாளில் பழைய சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் கட்டி, இடுப்பை வளைத்துக் குனிந்து, முழங்கையை உயரத்தில் அசையாமல் வைத்து முன்கையை மட்டும் கீழே கொண்டுவந்து பின்னால் தள்ளுங்கள். 15 முறை வீதம் மூன்று சுற்று. 12-வது முறையிலேயே முழங்கை இறங்கினால் ட்யூபின் இழுவை அதிகம்; ஒரு எட்டு முன்னால் போய் நின்று மீண்டும் செய்யுங்கள்.